வீட்டாரின் கனிவான கவனத்திற்கு

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரல், ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு அவரை விட்டுக் கிளம்பிப் போய், நான்கு தெரு தள்ளி ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறியது. அப்போது அவர் பதினான்காம் எண் வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 'நடைமேடை' என்ற சொல்லில் 'நடை' மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது, 'மேடை' வரவில்லை. பயணிகள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓட்டுநரிடமே கேட்டுக்கொண்டு ஏறினார்கள். மறுநாள் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது, குடியிருந்தவர் மட்டும் இல்லை என்றார். வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

அறிவிப்பாளருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பதினேழு ஆண்டுகளாக அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வண்டிகளின் வரவையும் போக்கையும் சொல்லிவந்தார். இடைவேளைகளில் மைக்கை அணைத்துவிட்டுத் தானே கட்டிய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருப்பார். ஒருநாள் அணைக்க மறந்துவிட்டார். நிலையம் முழுக்க ஒரு பாட்டைக் கடைசி வரி வரை கேட்டது, அது முடிகிறவரை இரண்டு வண்டிகள் நகரவில்லை. அதற்குப் பிறகு அவரை யாரும் சும்மா விடவில்லை. டிக்கெட் கவுன்டர்காரர் கிதார் வாசிக்க, விடுமுறை நாட்களில் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்து, 'அடுத்த வண்டி' என்று பெயரிட்டு இசைத்தட்டாகப் போட்டார். இருநூறு தட்டுகள் வந்தன. இருபது தட்டுகள் கடைக்குப் போயின, மீதி அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

கடை என்றால் அந்த ஊரில் ஒரே ஒரு இசைக் கடைதான். எந்தப் பாட்டு ஓடினாலும் கடைக்காரர் ஒரே மாதிரி ஆமோதிப்பார் என்பதால் அவருக்குத் தலையாட்டி என்று பெயர். ஆட்கள் இசை வாங்குகிற விதத்தை வைத்தே அவர்களைப் பற்றி எல்லாம் சொல்லிவிடலாம் என்பார் அவர். முடிதிருத்துபவர் ஒரு பக்கம் ஓடி முடிகிற நேரமும் ஒரு தலை முடிகிற நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார். கணக்கு ஆசிரியர் உறையை முகர்ந்து பார்த்து வாங்குவார். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி ஒரே தட்டில் இரண்டு வாங்கியது, எதற்கும் இருக்கட்டும் என்று. பெரும்பாலானவர்கள் வாங்குவதே இல்லை. உள்ளே வந்து, விசிறிக்கு அடியில் நின்று, அட்டையை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் பேருந்தில் இலவசமாகக் கேட்டபடி வீட்டுக்குப் போவார்கள். தலையாட்டி அவர்களுக்கும் தலையாட்டி வழியனுப்புவார்.

'அடுத்த வண்டி'யின் முதல் தட்டு அந்த வியாழக்கிழமை ஐந்து இருபதுக்கு விற்றது. வாங்கியவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒரு பெண். பெயரைப் பார்த்தார், அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவர் கணவரும் மூன்று ஆண்டுகளாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சண்டை எதுவும் கிடையாது. ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அதைப் பற்றி இன்று பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டதில் மற்ற பேச்சுகளும் சேர்ந்து தள்ளிப்போய்விட்டன. சொல்லியே ஆக வேண்டியதை ஃப்ரிட்ஜ் கதவில் காகிதத் துண்டாக ஒட்டினார்கள். கேஸ் தீர்ந்தது. வாடகை கொடுத்தாயிற்று. கதவுச் சாவி செருப்பு அலமாரியில். அந்த ஊரிலேயே மிக நன்றாக வேலை செய்கிற ஃப்ரிட்ஜ் அது, அதன் கதவில்தான் அந்த வீட்டின் மொத்தப் பேச்சும் இருந்தது.

குரல் வந்த முதல் வாரம் ஒன்பது பாட்டுகளை மட்டும் பாடியது, தட்டு சுழன்றாலும் சுழலாவிட்டாலும். மெக்கானிக் அதைப் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தார். இரண்டாம் வாரம், அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து தெளிவாக வந்தது: "வீட்டாரின் கனிவான கவனத்திற்கு. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது." ஓடிப் போய்ப் பார்த்தால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் நடப்பதையெல்லாம் குரல் அறிவித்தது. எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் புறப்படும் கணவர் குடையை மறந்து செல்கிறார் என்றது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு கம்மல் விழுந்து கிடக்கிறது என்றது. ஆறு மணிக்கு வர வேண்டிய மனைவி நாற்பது நிமிடம் தாமதமாக வருவார் என்றது. அப்படிச் சொன்ன நாட்களில் மெக்கானிக் டீயைப் போட்டு ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்தார். யார் போட்டது என்று காகிதம் எதுவும் ஒட்டவில்லை. மனைவி ஊற்றிக் குடித்துவிட்டு ஃப்ளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஆகஸ்டுக்குள் இதெல்லாம் பழகிவிட்டது. கீழ்வீட்டார்கூட, மேலே குரல் மழை என்று சொன்னால் மொட்டை மாடித் துணிகளை எடுத்துவந்தார்கள்.

குரல் நடப்பதை மட்டும் சொன்னது, யார் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது வழக்கத்தைவிடத் தாழ்ந்து ஒலித்தது. "கனிவான கவனத்திற்கு. சமையலறையில் ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார்." மெக்கானிக் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சமையலறை வாசல் வரை போனார். நின்றார். வாசலுக்கு வெளியே இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். தாகமே இல்லாமல் முழு பாட்டிலையும் குடித்தார்.

இதற்கிடையே பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பதில் மணி அடித்தார்கள். ஒரு மணி என்றால் முதல் நடைமேடை, இரண்டு என்றால் இரண்டாவது. எத்தனை அடித்தது என்று எண்ணுவதில் தகராறு வந்து பலர் வண்டியைத் தவறவிட்டார்கள். அறிவிப்பாளரைக் கரும்பலகையில் நேரம் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் கையெழுத்து அழகுதான். ஆனால் முகத்தை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கூண்டின் கண்ணாடி வழியே எல்லோரும் பார்த்தார்கள். ஜனவரிக்குள் குரல் திரும்பாவிட்டால் கிடங்குப் பிரிவுக்கு அனுப்புவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கிடங்கில் டயர்கள் மட்டும்தான் உண்டு.

டிசம்பர் கடைசியில் தலையாட்டி ஒவ்வோர் ஆண்டும் செய்வதைச் செய்தார். ஒரு பிஸ்கட் டின்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஆண்டு தங்களுக்கு மிகவும் பிடித்த ஆல்பத்தின் பெயரையும் தங்கள் விலாசத்தையும் சீட்டில் எழுதிப் போடச் சொன்னார். எண்ணிப் பார்த்ததில், எல்லோரும் எதிர்பார்த்தபடி, அந்த ஆண்டு ஊரெல்லாம் ஒலித்த ஓர் ஆட்டப்பாட்டு ஆல்பத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எழுதியவர்களில் பாதிப் பேர் அதை வாங்கியவர்கள் இல்லை. 'அடுத்த வண்டி'க்கு ஒரே ஒரு சீட்டு. அதில் விலாசத்துக்குக் கீழே, காரணம் எழுதச் சொல்லாமலேயே, 'இது எங்கள் வீட்டில் பேசுகிறது' என்று எழுதியிருந்தது. தலையாட்டி அதை இரண்டு முறை படித்தார். கடையைப் பூட்டிவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய், கூண்டின் கண்ணாடியில் சீட்டை ஒட்டிப் பிடித்துக் காட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் தலை ஆடாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அறிவிப்பாளர் ஒரு சிலேட்டோடு மூன்று மாடி ஏறினார். மணியை அடிப்பதற்குள் உள்ளே அவர் குரல் கேட்டது. "வீட்டாரின் கனிவான கவனத்திற்கு. வாசலில் உரிமையாளர் வந்திருக்கிறார்." மெக்கானிக் கதவைத் திறந்தார். குரலைத் தேடி வந்ததாகச் சிலேட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவி ஈரக் கையோடு வந்தார், அட்டையில் இருந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க," என்றார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியிலேர்ந்து தனியா வந்தேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், எந்த வண்டில ஏறணும்னே தெரியல. தெனம் ஏறுற வண்டிதான். பதினாலு லேட்டுன்னு சொன்னீங்க. சொல்லிட்டு, ரெண்டாவது பிளாட்பாரத்துல நிக்கற அம்மா, ஃபேனுக்குக் கீழ பெஞ்சு காலியா இருக்கு, உக்காருங்கன்னீங்க. மைக்குல. அத்தன பேரும் கேக்கற மாதிரி. அன்னிக்கு என்கிட்ட பேசுனது நீங்க ஒருத்தர்தான்."

அறிவிப்பாளர் சிலேட்டைத் துடைத்து எழுதினார்: பச்சைப் பை. ஒரு செருப்பு கையில்.

"ஆமா," என்றார் மனைவி. "வாரு அறுந்துடுச்சு."

மெக்கானிக் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பை மறுநாள் தைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான், எங்கே அறுந்தது என்று கேட்டதில்லை. தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும்."

"ஆமா. வந்திருக்கணும்."

"கோல்ட் ரூமுக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்ல. வெளிய வந்து பாத்தா பதினோரு மிஸ்டு கால். அதுக்கப்புறம் உன் மொகத்தப் பாக்கவே பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"உனக்கு என்ன பயம்?"

"நீங்களும் அழுதுட்டா நான் என்ன செய்யறதுன்னு."

"சமையக்கட்டு வாசல் வரைக்கும் வந்தேன், அந்த ஞாயித்துக்கெழம."

"தெரியும். ஃப்ரிட்ஜ் கதவு சத்தம் கேட்டுச்சு."

அறிவிப்பாளர் விசிறியின் இறக்கைகளை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரல் அறையின் மூலையிலிருந்து நான்காவது பாட்டை மெல்லத் தொடங்கியது. தன் குரலை வெளியே நின்று கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. இவ்வளவு நன்றாகவா இருந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பாட்டு முடிந்தபோது மெக்கானிக் அழுதுகொண்டிருந்தார். குரல் அதை அறிவிக்கவில்லை. மனைவி எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், ஈரக் கையோடே.

டீ குடித்த பிறகு மனைவி இசைத்தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "எடுத்துக்குங்க, உங்களோடதுதானே." அறிவிப்பாளர் அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்து அழுத்தினார். வாங்கியவர்களுடையது என்று எழுதிக் காட்டினார். கிடங்குக் கடிதத்தைப் பற்றி எழுதவில்லை. சிலேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். முதல் மாடியில் வாயைத் திறந்து பார்த்தார், குரல் வரவில்லை, தெருவிலும் வரவில்லை. பதினான்காம் எண் வண்டியில் ஏறிக் காசை எடுத்தபோது, நடத்துநர் வழக்கம்போல அவர் சைகைக்காகக் காத்திருந்தார்.

"ஒரு டிக்கெட்," என்றார் அறிவிப்பாளர்.

வண்டியில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஓட்டுநர் ஹாரனை அடித்தார், எதிரே ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் மாடி வீட்டுத் தட்டைப் போட்டால் கிதார் மட்டும் கேட்டது. பாட்டை அவர்களே பாடிக்கொண்டார்கள். மெக்கானிக்குக் குரல் வளம் கிடையாது, ஐந்தாவது பாட்டின் மெட்டை எங்கேயோ கொண்டுபோய் விடுவார், மனைவி இழுத்துக்கொண்டு வருவார். கீழ்வீட்டார் முதலில் புகார் சொன்னார்கள், பிறகு சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அறிவிப்பாளரின் இரண்டாவது ஆல்பம் எண்பத்தாறு தட்டுகள் விற்றது. ஃபோனில் கேட்டவர்கள் எத்தனையோ ஆயிரம், ஆனால் குரல் அவர்கள் வீடுகளுக்குப் போகவில்லை. தட்டை வாங்கிப் போன வீடுகளுக்கு மட்டும், எங்கே தேவையோ அங்கே, இரண்டு நாளோ ஒரு வாரமோ போய்த் தங்கிவிட்டு வந்தது. அலுவலகத்தில் முதலில் கேள்வி கேட்டார்கள். பிறகு வருகைப் பதிவேட்டு எழுத்தர், காய்ச்சல், சொந்த வேலை என்று எழுதுகிற இடத்தில், 'குரல் வெளியே' என்று எழுதப் பழகிக்கொண்டார். அப்படிப்பட்ட நாட்களில் அறிவிப்பாளர் கரும்பலகையில் நேரம் எழுதுவார், டீ குடிப்பார், கூண்டின் கதவைத் திறந்து வைத்திருப்பார். காலை வண்டியில் வந்து இறங்குகிற யாராவது ஒருவர், கல்யாணமாகிப் போன மகளைப் பார்த்துவிட்டு வந்தவரைப்போல, உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"எங்க வீட்லதான் இருக்கு, கவலப்படாதீங்க. அப்பாவுக்கு நேரா நேரத்துக்கு மாத்திரைய ஞாபகப்படுத்துது. வெள்ளிக்கெழம வந்துரும்."

அறிவிப்பாளர் தலையசைப்பார். வெள்ளிக்கிழமை என்று மேசை நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, ஒன்பது நாற்பது வண்டியின் நேரத்தை எழுத எழுந்து போவார்.