வெயிலில் ஓடிய வைப்பர்

பி.காம். படித்த பெண் ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் சிவதாணுவின் சட்டம். எங்கள் மகள் ஸ்ரீலட்சுமிக்கோ காருக்குள் தலைகீழாகக் கிடந்தால்தான் சந்தோஷம். தம்பானூரில் பிரபின் என்பவர் நடத்தும் கார் ஆடியோ கடையில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே எடுத்த எடுப்பில் பாட்டெல்லாம் கிடையாதாம். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை கிளிப் உடையாமல் கழற்றப் பழக வேண்டுமாம். அவள் பழகியதெல்லாம் என் வீட்டுச் சாமான்களில். மிக்ஸியின் அடி, வாஷிங் மெஷினின் முதுகு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் சாம்பாரில் கறுப்பாக ஒரு கிளிப் கிடந்தது. இவர் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, என்னை முறைத்தார். நானா போட்டேன்?

இவர் கணக்கர். எதற்கும் ஒரு நிபந்தனை போடுவார், போட்டால் மாறமாட்டார். அன்றைக்கும் போட்டார்.

"நம்ம வண்டியில இவ ஒரு பாட்டு செட் ஃபிட் பண்ணட்டு. குற்றாலலிங்கம் விதுராவில புது வீடு கெட்டியிருக்கான்லா, ஞாயிறாச்ச பால்காய்ப்பு. இங்கேருந்து அங்க போய்ச் சேரது வரைக்கும் பாட்டு நிக்கப்பிடாது. நின்னுதுன்னா திங்களாச்ச அவன் ஆபீசில போய்ச் சேரணும். சம்மதமா?"

குற்றாலலிங்கம் இவருடைய சிநேகிதர், ஆடிட்டர். அவர் ஆபீசில் எங்கள் மகளுக்காக ஒரு நாற்காலி காத்துக்கொண்டிருந்தது. அவள் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டாள்.

சனிக்கிழமை கடைக்கு நானும் கூடப் போனேன். கொட்டுகொட்டென்று மழை. கடையின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் நேராக எங்கள் கார் கண்ணாடியில் விழுந்தது. மகள் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டிருந்தாள். இவர் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. பெற்ற மகளானாலும் வண்டியைத் தனியாக விடமாட்டாராம். "வெளிய ஒண்ணும் காணல்லியே" என்று வைப்பரையும் ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் ஒரு சின்ன பல்பை ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். சாவியைத் திருப்பினால் பல்பு எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும், அந்த வயரிலிருந்துதான் செட்டுக்குக் கரண்ட் எடுக்க வேண்டும் என்பது பாடம். அப்படி ஒரு வயர் கிடைத்தது. இணைத்தாள். நாதஸ்வரம் முழங்கியது. பிரபின் "கொள்ளாம்" என்று பாராட்டினார்.

ஞாயிறு காலையும் மழையோடுதான் கிளம்பினோம். தவிலுக்கும் வைப்பருக்கும் அப்படியொரு பொருத்தம். நெடுமங்காடு தாண்டியதும் மழை விட்டு வெயில் அடித்தது. இவர் வைப்பரை நிறுத்தினார். நாதஸ்வரமும் நின்றது.

இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதை அப்படியே பிய்த்து ஜன்னல் வழியே எறியலாம் போல இருந்தது எனக்கு. பின் சீட்டிலிருந்து மகள் எட்டிச் செட்டைத் தட்டிப் பார்த்தாள்.

அப்போது எதிரே வந்த ஒரு லாரி, பள்ளத்துச் சேற்றை எங்கள் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போனது. இவர் வைப்பரைப் போட்டார். நாதஸ்வரம் வந்தது. நிறுத்தினார், நின்றது. போட்டார், வந்தது. கணக்கர் அல்லவா, திருப்பித் திருப்பிச் சரிபார்த்தார்.

"ஐயோ!" என்றாள் ஸ்ரீலட்சுமி. "அப்பா, நேத்து வைப்பர் ஓடிட்டேவா இருந்துச்சு? நான் வைப்பர் வயரிலேருந்தாக்கும் கரண்ட் எடுத்துட்டேன்!"

நான் விடுவேனா? "கேட்டேளா, நேத்து வைப்பரை ஓடவிட்டது ஆரு?"

"மழையில்லா பெஞ்சுது."

"நிக்கிற வண்டியில எந்த ஊருக்குப் போக வைப்பர்? அது ஓடினதுனாலதான் பிள்ளைக்கு அந்த வயர் கிட்டிச்சு. இப்பவும் பாட்டு தானா நிக்கல்ல. நீங்க நிறுத்தினேள்."

"இல்லம்மா, நான்தான் சரியா செக் பண்ணியிருக்..."

"நீ மிண்டாத இரி!" என்று அவள் வாயை அடைத்தேன்.

இவர், "நான் நிறுத்தினத கணக்கில சேக்க வேண்டாம். நிபந்தனைன்னா நிபந்தனை" என்று முனகிக்கொண்டு வைப்பரைப் போட்டார்.

சுள்ளென்ற வெயிலில், காய்ந்த கண்ணாடியில், கீச் கீச்சென்று வைப்பர் ஓட, நாதஸ்வரம் முழங்க, மூன்று பேரும் போனோம். டீக்கடையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மறுபடியும் எங்களைப் பார்த்தார்கள். பொன்முடி பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "சேட்டா, மழ போயி!" என்று கத்தினார். இவர் காது சிவந்துவிட்டது. ஆனால் கை வைப்பர் சுவிட்சுப் பக்கமே போகவில்லை. இருந்த கோபமெல்லாம் போய் எனக்கு இவர்மேல் பாசம் பொங்கியது.

புது வீட்டு வாசலில் குற்றாலலிங்கமே நின்றிருந்தார்.

"என்ன வே சிவதாணு, கொளுத்துற வெயில்ல வைப்பரப் போட்டுக்கிட்டு வாரீரு?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வயரை மாற்றி இணைத்த உண்மை வெளியே வந்தால், 'நம்ம ஆபீசுக்கே வரட்டும்' என்று அவர் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார். நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இவர் நிதானமாக இறங்கி, கதவைச் சாத்தி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மோள் ஃபிட் பண்ணினதாக்கும். மழையில வண்டி ஓட்டும்போ உறக்கம் வரப்பிடாதுல்லா? வைப்பர் போட்டா பாட்டு தன்னால வரும். வெயில்லயும் வருதான்னு பாத்துட்டு வாறேன்."

கணக்கில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாத மனிதர்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குற்றாலலிங்கம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வைப்பரைத் தானே போட்டுப் பார்த்து, "அடேயப்பா" என்றார்.

அன்று சாயங்காலமே மகள் வயரை மாற்றிவிட்டாள். இந்த முறை இவர் வண்டிக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை ஸ்ரீலட்சுமி குற்றாலலிங்கத்தின் ஆபீசுக்குப் போகவில்லை. குற்றாலலிங்கம் அவள் கடைக்கு வந்தார்.

"சிவதாணு வண்டியில உள்ள மாதிரியே வேணும். அச்சு அசலா அதேதான்."

பிரபின் ஸ்ரீலட்சுமியைப் பார்த்தார். அவள் பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெகு மரியாதையாகச் சொன்னாளாம்:

"அப்படின்னா நீங்களும் அப்பா மாதிரியே சீட்ல உக்காந்து, வைப்பரை ஓடவிடணும், மாமா."