டீக்கடைக் கூடையில் அடித்த செல்கள்

சிவகாசியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரு சோப்புக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் செல்லில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதுதான் அப்சானாவின் வேலை. அன்றைக்கு எம். புதுப்பட்டி.

அங்குள்ள பட்டாசு ஆலைக்குள் செல் கொண்டுபோகக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள், எதிரே இருந்த சோலைச்சாமியின் டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் தங்கள் செல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். இது அப்சானாவுக்குத் தெரியாது.

முதலில் அடித்த செல்லை எடுத்த சோலைச்சாமி, "நாகையா உள்ள வேலையா இருக்காரு தாயி" என்றார்.

"இவரும் இல்லையா? காலையில இருந்து ஒருத்தரும் கிடைக்கலைங்க" என்றாள் அப்சானா.

சோலைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த செல் அடித்ததும், "முத்துராமலிங்கம்தான் பேசுறேன். கேளுங்க" என்றார். என்ன சோப்பு, என்ன வாசனை, எத்தனை நாள் வருது, எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். ரத்தினசாமிக்காக இருமிக்கொண்டே பேசினார். செல்வக்குமாருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு குருவம்மாளின் செல் அடித்தது. தொண்டையைச் செருமி, குரலை மெலிசாக்கிக்கொண்டார். "குருவம்மா பேசுறேன்."

"எந்த சோப்பு போடுறீங்கக்கா?"

"மஞ்ச சோப்புதேன். மொகத்துக்குத் தனியா..."

"சோலைச்சாமியண்ணே, ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மி" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

"செத்த பொறுலே, போடுறேன்" என்று சொந்தக் குரலில் அதட்டிவிட்டு, "ம், மொகத்துக்குத் தனியா வச்சிருக்கேன்" என்று குருவம்மாளாகத் தொடர்ந்தார்.

அப்சானா எழுதுவதை நிறுத்தினாள். "அண்ணே, இவ்வளவு நேரம் பேசுனது எல்லாமே நீங்கதானா?"

"நாகையா நான் இல்ல தாயி. அவரு நெசமாவே உள்ளதான் இருக்காரு."

அவளுக்குக் கோபமாக வந்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. அவர் சொன்னதையெல்லாம் அழித்துவிட்டு, சாயங்காலம் வேலை விட்டதும் கூப்பிடுவதாகச் சொன்னாள். சொன்னபடியே கூப்பிட்டாள். டீக்கடை பெஞ்சில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, சோலைச்சாமியே ஒவ்வொருவர் கையிலும் செல்லைக் கொடுத்தார். கடைசியாகப் பேசி முடித்த குருவம்மாளிடமிருந்து செல்லை வாங்கிக்கொண்டார்.

"என் பேரு ஒங்க கணக்குல இல்லையா தாயி?"

"இல்லைங்கண்ணே." அவளுக்கும் மனசு கேட்கவில்லை. "சரி, சொல்லுங்க. நீங்க என்ன சோப்பு போடுறீங்க?"

சோலைச்சாமி தன் செல்லைத் தேடி எடுத்தார்.

"செத்த லைன்ல இருங்க தாயி. வீட்டுல கேட்டுச் சொல்லுறேன்."