வசந்தகாலப் பாடம்

மஸீஹா இங்கிலீஷ் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் பலருக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வயதுப் பெண். அரசாங்கக் கந்தோர்களெல்லாம் சிங்களத்துக்கு மாறிக்கொண்டிருந்த 1963-ஆம் வருடம். இங்கிலீஷ் தெரிந்தவர்களே அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

அவளுடைய கணவன் நுஹ்மானுக்கு இது பிடிக்கவில்லை. மாத்தளை டவுனில் ஒரு முதலாளியின் கடைக்கு மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் வாங்கிக் கொடுப்பது அவன் தொழில். எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷில் படித்தவன். மனைவி எதைக் கேட்டாலும் மறுத்துப் பழக்கமில்லாதவன், இதற்கு மட்டும் வேண்டாம் என்றான். சிங்களம் எழுதப் பழகினால் பிரயோசனம் உண்டு, இங்கிலீஷ் எதற்கு என்றான். மருந்துப் போத்தலைத் தானே வாசித்துச் சொல்வதாகவும் சொன்னான். பொண்டாட்டி படித்தால் கைமீறிப் போய்விடுவாள் என்று பயப்படுகிறான் என தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் எதையும் மறுத்துச் சொல்லவில்லை.

அவள் படிக்க நினைத்ததற்கு உண்மையான காரணம் வேறு.

பதினைந்து மாதங்களுக்கு முன்னால், ஐப்பசி மழையில், அவர்களுடைய ஒரே பிள்ளை ஹமீமா இறந்துபோனாள். நாலு வயது. வியாழக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த நுஹ்மான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றான். மஸீஹா விடவில்லை. அவளுடைய தம்பி ஒருவன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் ஜனாஸாவாகத்தான் திரும்பியிருந்தான். மல்லித் தண்ணீர் கொடுத்தாள். பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். சனிக்கிழமை பிள்ளையின் கழுத்து வீங்கியது. அன்றும் நுஹ்மான் கேட்டான். பொழுது விடியட்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது. அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்டை அடைப்பான் என்றார்கள். ஊசி போட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளை போய்விட்டது.

டொக்டர் வராந்தாவுக்கு வந்து நுஹ்மானிடம் இங்கிலீஷில் பேசினார். அதிகம் பேசவில்லை. கடைசியாக ஒரு வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவை மஸீஹாவைத் திரும்பிப் பார்த்தார். நுஹ்மான் தலையைக் குனிந்து, யெஸ் டொக்டர் என்றான்.

என்ன சொன்னார் என்று மஸீஹா கேட்டாள்.

"மொத நாளே கொண்டு வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க ஏலாதாம்," என்றான் நுஹ்மான். "அல்லாஹ்ட நாட்டம்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டபோதெல்லாம் டொக்டர் சொன்னதைச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஸுபைதா அதையே மற்றவர்களிடம் சொன்னாள். நாளடைவில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் டொக்டருடைய குரல் அவளை விட்டுப் போகவில்லை. அம்மியில் அரைக்கும்போதும் முற்றம் கூட்டும்போதும் அந்தச் சத்தம் வந்தது. முழுதாக வராது. நடுவில் 'ஏளியர்' என்று ஒன்று. முடிவில் 'வுடவ் லிவ்ட்' என்று ஒன்று. கணவன் பொய் சொல்லியிருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. ஒன்றும் செய்திருக்க முடியாது என்றால் டொக்டர் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்பது மட்டும்தான் அவளுக்கு விளங்கவில்லை.

அலுவிகாரைப் பக்கத்தில் மார்ஜரி என்ற கிறிஸ்தவப் பெண் இருந்தாள். இருபத்திநாலு வயது. அவள் படிப்பித்துக்கொண்டிருந்த சபைப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்தபோது தற்காலிக ஆசிரியை என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் பின்னேரம்தான் வருவார்கள். அதனால் மஸீஹா செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்குப் போனாள். நுஹ்மான் கடைசியில் தடுக்கவில்லை. எத்தனை நாளைக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ.

மார்ஜரியிடம் ஒரே ஒரு வாசிப்புப் புத்தகம்தான் இருந்தது. அட்டை கிழிந்துபோன பழைய சீமைப் புத்தகம். நாலு பருவங்களாகப் பிரித்திருந்தது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கதை, ஒரு பாட்டு, பிறகு வீட்டில் புழங்கும் சொற்கள். முதலில் இலையுதிர்காலம், பிறகு பனிக்காலம். ஸ்னோ என்றால் என்ன என்று மஸீஹா கேட்டாள். மீன்காரன் பெட்டியில் மரத்தூள் போட்டு வைத்திருக்கும் ஐஸ் மாதிரி, ஆனால் பஞ்சு போல ஆகாயத்திலிருந்து விழும் என்றாள் மார்ஜரி. அவளும் கண்டதில்லை. இலையுதிர்காலம் மஸீஹாவுக்குச் சுலபமாக விளங்கியது. மாசி மாதத்தில் றப்பர் தோட்டத்தில் இலையெல்லாம் கொட்டிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள்.

கெட்டில், ஸ்பூன், பில்லோ, விண்டோ. சொற்களை வேகமாகப் பிடித்தாள். உடம்பின் உறுப்புகள் வந்த நாளில் மார்ஜரி தன் கழுத்தைத் தொட்டு த்ரோட் என்றாள். மஸீஹா அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை. மார்ஜரி இரண்டு தடவை சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். பிள்ளை இறந்தது மார்ஜரிக்குத் தெரியும். எப்படி இறந்தது என்று தெரியாது.

ஒரு நாள் மஸீஹா சாதாரணமாகக் கேட்பதுபோல, லிவ்ட் என்றால் என்ன என்று கேட்டாள். குடியிருந்தார்கள் என்று அர்த்தம் என்றாள் மார்ஜரி. மாத்தளையில் குடியிருந்தார்கள், கண்டியில் குடியிருந்தார்கள் என்று இரண்டு வாக்கியமும் எழுதிக் காட்டினாள்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மஸீஹாவின் நெஞ்சு லேசாகியிருந்தது. டொக்டர் எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் பதிவதற்காக இருக்கும். அதற்காகத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அன்று நுஹ்மானுக்குப் பிடித்த மாசிக் கருவாட்டுச் சம்பல் அரைத்து வைத்தாள். இனிப் பாடத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் அதற்குள் படிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பிள்ளை போன பிறகு எதிலும் மனம் ஒட்டாதிருந்தவளுக்கு, காலையில் சேலை மாற்றிக்கொண்டு புறப்பட ஓர் இடம் கிடைத்திருந்தது. தொடர்ந்து போனாள்.

ஆனி மாதத்தில் வசந்தகாலப் பாடம் வந்தது. முதலில் பாட்டு. மஞ்சள் பூக்களைப் பற்றி நாலு வரி. பிறகு கதை. ஓர் இடையன், அவனுடைய பையன், ஓர் ஆட்டுக்குட்டி. வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்தபோது பிந்திய பனி பெய்கிறது. குட்டி மலையில் அகப்பட்டுக்கொள்கிறது. பனி விடட்டும் என்று பையன் காத்திருக்கிறான். மறுநாள் போய்ப் பார்க்கும்போது குட்டி விறைத்துக் கிடக்கிறது. தகப்பன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்கிறான்.

மார்ஜரி அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "இஃப் யூ ஹேட் கம் ஏர்லியர், இட் வுட் ஹேவ் லிவ்ட்."

மஸீஹா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மார்ஜரி வாசித்தாள்.

"இதுல லிவ்ட்டுன்னா குடியிருந்ததா?"

"இல்லீங்க, இங்க அப்படி வராது. நீ முந்தியே வந்திருந்தா அது பொழச்சிருக்கும்னு அர்த்தம்," என்றாள் மார்ஜரி. பிறகு ஆசிரியைகளுக்கே உரிய உற்சாகத்தோடு, இது நடக்காமல் போன விஷயத்தைச் சொல்வதற்கான வாக்கியம், இனி மாற்ற முடியாததற்குத்தான் இப்படிச் சொல்வார்கள், வேண்டுமானால் நாலைந்து உதாரணம் எழுதிப் பார்ப்போம் என்றாள். மழை பெய்திருந்தால் பயிர் வளர்ந்திருக்கும். பஸ் வந்திருந்தால் நேரத்துக்குப் போயிருப்போம். மஸீஹா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்து, தலையிடி என்று சொல்லி எழுந்தாள்.

பஸ்ஸில் ஏறவில்லை. அலுவிகாரையிலிருந்து வீடுவரைக்கும் நடந்தே போனாள். வழியில் யாரோ ஸலாம் சொன்னார்கள். பதில் சொன்னாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

மூன்று நாள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு தின்றுவிட்டு நுஹ்மான் கதிரையில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தபோது, அவன் முன்னால் போய் நின்று அந்த வாக்கியத்தை இங்கிலீஷிலேயே சொன்னாள். குட்டியை எடுத்துவிட்டு, டொக்டர் சொல்லியிருக்கக்கூடிய விதமாக மாற்றிச் சொன்னாள். உச்சரிப்பு சரியாகவே இருந்தது.

நுஹ்மான் பத்திரிகையை மடித்தான்.

"இதத்தானே டொக்டர் சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"அன்னைக்கி ஒன்ட மொகத்த நீ பாக்கல்ல," என்றான். "நான் பாத்தேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை காலமும் வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்றாள்.

"மத்தவங்கள விடுங்க. தொழுதுட்டு துஆ கேக்கக்குள்ள, என் மேல குத்தம் இல்லேன்னு அல்லாஹ்கிட்டயே சொல்லியிருக்கேன். அதுக்கு யாரு பதில் சொல்றது?"

குற்றம் உன்னுடையது மட்டுமல்ல என்றான் நுஹ்மான். வெள்ளிக்கிழமை தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவள் வேண்டாம் என்றாள் என்பது பிறகு தனக்கு ஒரு சாட்டாகப் போய்விட்டது. "நான் பெத்த புள்ளய தூக்குறதுக்கு எனக்கு ஒன்ட உத்தரவு வேணுமா? இங்கிலீஷ் தெரிஞ்ச எனக்கு புத்தி எங்க போச்சி?"

இதெல்லாம் அவளுக்கு ஆறுதலாக இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் நடந்த எல்லாவற்றையும், ஒன்றையும் விடாமல் சொல்லச் சொன்னாள். அவன் வேண்டாம் என்று கெஞ்சினான். அவள் எதிரில் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் சொன்னான். ஞாயிறு பின்னேரம் தாதி அவளை வெளியே அனுப்பிவிட்டு அவனை மட்டும் உள்ளே நிற்க விட்டதைச் சொன்னான். பிள்ளைக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. உம்மா, உம்மா என்றுதான் கேட்டாள். உம்மா கஞ்சி எடுக்கப் போயிருக்கிறா, இப்ப வருவா என்று அவன் சொன்னான். பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மஸீஹா அப்போது கதவுக்கு வெளியில், பத்தடி தூரத்தில், வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகக் கேட்டால் ஏசுவார்கள் என்று கேட்கவில்லை.

சொல்லி முடிக்கும்போது அஸருக்கு பாங்கு சொன்னார்கள். அவன் எழுந்து பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் மார்ஜரியிடம் போய், இனி வர முடியாது என்று சொன்னாள். மார்ஜரியின் முகம் வாடிப்போயிற்று. கோடைப் பாடம் இன்னும் தொடங்கவேயில்லை, நான் விளங்காத மாதிரிச் சொல்லிக் கொடுத்தேனா என்று கேட்டாள்.

"இல்ல டீச்சர். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஸுபைதாவின் வீட்டில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். யாருடைய பிள்ளைக்கோ காய்ச்சல் என்று பேச்சு வந்தது. ஸுபைதா வழக்கம்போல, நம்ம ஹமீமாவ மொத நாளே கொண்டுபோயிருந்தாலும் ஒண்ணும் ஏலாதுன்னு டொக்டரே சொன்னாரே என்றாள்.

"அப்படி சொல்லல்ல," என்றாள் மஸீஹா. "முந்தியே கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பா. நான்தான் போக விடல்ல."

ஸுபைதா தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் மஸீஹாவை வீட்டுக்குக் கூப்பிடுவது குறைந்தது. அவள்மேல் வெறுப்பில்லை. என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நுஹ்மான் இதைக் கேள்விப்பட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். உண்மை என்பதால் சொன்னேன் என்றாள். அவனுக்கு அது அவமானமாக இருந்தது.

மறு வருடம் முதலாளி இரத்தோட்டையில் ஒரு கடை திறந்து நுஹ்மானை அங்கே அனுப்பினார். கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறைகள். யாருக்கும் அவர்களைத் தெரியாது. பிள்ளை உண்டா என்று கேட்டவர்களிடம், ஒன்று இருந்தது, இறந்துவிட்டது என்று மஸீஹா சொன்னாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. மழைக்காலத்தில் அவள் பல நாட்கள் பேசாமல் இருப்பாள். அவனும் பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டான்.

கடை நாலு வருடம் நடந்தது. ஐந்தாம் வருடம் ஒரு நாள் நுஹ்மான் பகலிலேயே கடையிலிருந்து உள்ளே வந்தான். முதலாளி கடையை விற்கப்போகிறார், வாங்குகிறவன் தன்னை வைத்துக்கொள்வானோ தெரியாது, இந்த அறைகளையும் விட வேண்டி வரும் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னான். முன்பென்றால் ஒரு மாதமாவது மறைத்திருப்பான். மஸீஹா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். எப்போது போக வேண்டும் என்று கேட்டாள். தெரியாது என்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.