நத்ராவின் விளக்கு

எருசலேம் சந்தைக்குப் பின்புறச் சந்தில், இருபத்திரண்டு வயது சாதோக்கின் வீட்டில், செத்துப்போன அவன் அம்மா நத்ரா கடைசியாக ஏற்றிய ஓய்வுநாள் விளக்கு எண்ணெய் இல்லாமல் எட்டு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை ஓய்வுநாளில் விளக்கை அணைப்பது பாவம் என்பதால், அவன் அப்பா யஹ்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதிப் பார்த்தார். பக்கத்து மூன்று வீட்டு அடுப்புகள் அணைந்தன, விளக்கு அசையவில்லை. அதன் வெளிச்சம் மூடிய இமைக்குள்ளும் வந்தது. தூக்கம் இல்லாமல் யஹ்யா எலும்பும் தோலுமாகிவிட்டார். எதற்காக எரிகிறது என்று அவருக்குத் தெரியும். ஏமனிலிருந்து வந்து இறங்கியபோது அவருக்கு இரண்டு மனைவிகள். சாதோக் பால்குடி மறந்த அன்று, ‘இனி அவள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது’ என்றாள் நத்ரா. யஹ்யா இளையவள் ஹமாமாவின் கையில் ரொட்டியும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து பாலைவன ஊரான பெயெர்செபா போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதற்குப்பின் அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை; சாதோக் அதைச் சந்தில்தான் கேட்டு வளர்ந்தான்.

வாரம் ஒரு பகுதியாக வேதம் படிப்பதில், ஆபிரகாமின் மனைவி சாராள் செத்துப்போகும் பகுதியைப் படிக்கும் வாரம் வந்தது. ஓய்வுநாள் மத்தியானம் யஹ்யா வாசிக்க, ஆண்கள் வறுகடலை கொறித்தபடி அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்கம்மா சாராளேதான்டா” என்றார் பக்கத்து வீட்டு ஹாரூன். “அவ கூடாரத்து விளக்கும் ஒரு வெள்ளியிலிருந்து மறு வெள்ளி வரைக்கும் அணையாதுன்னு பெரியவங்க எழுதி வச்சிருக்காங்க.”

“இளையவ ஆகாரைப் பாடாய்ப் படுத்துனது சாராள் செஞ்ச தப்பு, பாத்துக்கிட்டு இருந்த ஆபிரகாம் மேலயும் தப்புன்னும் எழுதியிருக்கே மாமா. அந்த இடம் வந்தா மட்டும் உங்களுக்கு இருமல் வந்துருது.”

சுடர் ஒரு முழம் எழுந்து சாதோக்கைப் பார்த்தது. கொறிப்பதை எல்லாரும் நிறுத்தினார்கள். யஹ்யா மட்டும் தொடர்ந்து வாசித்தார். சாராளின் மகன் ஈசாக்கு தனக்குக் கல்யாணப் பெண் வரும் நேரத்தில் ஒரு கிணற்றிலிருந்து திரும்பி வருகிற வரியில் அவர் குரல் நின்றது. அது வீட்டை விட்டுப் போன ஆகார் பாலைவனத்தில் அழுத கிணறு.

“அந்தக் கிணத்துக்கு ஈசாக்கு எதுக்குடா போனான்?”

அந்தச் சந்தில் பல் விழாத பிள்ளைக்கும் பதில் தெரியும். அம்மா போய்விட்டாள், அப்பா தனியாக இருக்கிறார், ஆகாரைத் திரும்பக் கூட்டிவரப் போனான் என்பார்கள் உரைகாரர்கள்.

“தெரியாத மாதிரிக் கேக்குறீங்களேப்பா” என்றான் சாதோக். மறுநாள் பஸ் ஏறினான்.

பெயெர்செபாவில் ஹமாமா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

“சின்னம்மா, அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

“வாயைத் திறந்து சொன்னாரா?”

“கேள்வியாக் கேட்டாரு.”

“அவருக்கு அவ்வளவுதான் வரும். உங்கம்மா?”

“செத்துட்டாங்க. ஆனா வீட்லதான் இருக்காங்க.”

ஹமாமா கை கழுவினாள். அந்தப் பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். இருபது வருஷமாக அதைத்தான் குடித்திருந்தாள்; ஒரு சொட்டு குறையவில்லை.

வெள்ளி மாலை நத்ராவின் விளக்குக்குப் பக்கத்தில் தன் விளக்கை ஏற்றினாள். நத்ராவின் சுடர் கொஞ்சம் தள்ளி நின்றது, அணையவில்லை. யஹ்யா அன்று சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கினார்.

இப்போதும் இரண்டும் எரிகின்றன. அந்தச் சந்துக்குப் போனால் எது யாருடைய விளக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். நத்ராவுக்குக் காது கேட்கும்.