நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

செய்தி வந்தபோது கண்ணாடியம்மா ஒரு தையற்காரரின் வலது கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கனமான சோதனை ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று தையற்காரர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் கீழே அவளுடைய கண்ணாடிக் கடை. மேலே அவளுடைய கணவரின் தம்பி நடத்தும் பல் மருத்துவமனை. கொழுந்தன் முகக்கவசம் தாடையில் தொங்க வந்து நின்றான். ஒரு கையில் கையுறை, மறு கையில் போன்.

"அண்ணி, நம்ம வாட்ச்ச மாத்திட்டாங்க."

யாரோ கடிகாரத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிட்டார்கள் என்றுதான் அவள் முதலில் புரிந்துகொண்டாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரம் இருந்தது. கொழுந்தன் போனைக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. இருவர் கையிலும் இருந்த அதே கடிகாரத்தின் புதிய வடிவத்தைக் கம்பெனி அன்று காலை வெளியிட்டிருந்தது. முட்கள் அதே முட்கள். டயலின் கருநீலமும் மாறவில்லை. தேதி தெரியும் சின்ன ஜன்னல் மட்டும் இடம் மாறி, மூன்று மணி இருக்கும் இடத்தில் நேராக, சற்றுப் பெரிதாக உட்கார்ந்திருந்தது.

பழையதில் அந்த ஜன்னல் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் சாய்ந்து கிடக்கும். உள்ளே இருக்கும் எண் அரிசியில் பாதி. வைத்திருப்பவர்கள் அதற்கு 'மாறுகண்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் இது எந்தக் கடிகாரம் என்று சொல்லிவிடலாம். அதில்தான் அவர்களுக்குப் பெருமை.

"மாறுகண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க அண்ணி," என்றான் கொழுந்தன். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நோயாளி வாயைத் திறந்துகொண்டு மேலே காத்திருப்பாரே என்று அவள் நினைவூட்டி அவனை அனுப்பினாள். தையற்காரருக்குச் சரியான வில்லையைக் கண்டுபிடிக்க அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

அவள் மனதில் ஓடியது வேறொன்று. ஆறு வருடத்துக்கு முன்னால், மகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போன மாதத்தில், இனி எனக்காக ஒன்று என்று சொல்லி அவள் அந்தக் கடிகாரத்தை வாங்கினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தேழு. வாங்கிய வாரத்திலேயே தெரிந்துவிட்டது, தேதியைப் படிக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவள் தன் கையில் கட்டியிருப்பதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினாள். சும்மா விடவில்லை. எண்ணின் உயரத்தை அளந்தாள், சாய்வை அளந்தாள், நாற்பத்தைந்து தாண்டிய கண்ணுக்கு அந்தத் தூரத்தில் எது தெரியும், எது தெரியாது என்று படம் வரைந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். ஜன்னலை மூன்று மணிக்கு நகர்த்தி, எண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். தங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரி பதில் வந்தது. அதோடு அவள் மறந்துபோனாள். நாளடைவில் மணிக்கட்டை வெளிச்சத்தின் பக்கம் ஒரு திருப்பு திருப்பித் தேதியைப் பார்க்கக் கை தானாகப் பழகிக்கொண்டது. இப்போது கம்பெனி செய்திருப்பது எழுத்துக்கு எழுத்து அவள் கேட்டதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடிகாரம் வைத்திருப்பவர்கள் பதினோரு பேர் ஒரு ஹோட்டல் கூடத்தில் கூடினார்கள். வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடி, காப்பி குடித்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக் கலைகிறவர்கள். அன்று காப்பி ஆறிப்போனது. ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன், நேற்றுவரை தன் கையில் இருந்தது வாட்ச், இன்று எழுந்து பார்த்தால் அது பழைய மாடல் என்றார். ஒரு பெண் வக்கீல், இனி பழையது கிடைக்காது என்பதால் நம்முடையதற்கு மவுசு கூடும், வருத்தப்பட என்ன இருக்கிறது என்றாள்; சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அதிகம் பேசாத கட்டட ஒப்பந்தக்காரர் கடைசியில் வாயைத் திறந்தார்.

"புதுசு மோசமா இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். நல்லா இருக்கு. அதுதான் வயிறு எரியுது."

கொழுந்தன் எழுந்து, இதைச் சும்மா விடக்கூடாது, கம்பெனிக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்றான். யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. "அண்ணி எழுதினா அசையாதவனும் அசைவான்," என்று அவன் சொன்னான். அவள் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பத்துப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். வராது என்று நினைத்த வாக்கியங்கள் தானாக வந்தன. அந்தச் சாய்ந்த ஜன்னல்தான் இந்தக் கடிகாரத்தின் முகம் என்று எழுதினாள். சிரமப்பட்டுப் பார்த்துப் பழகியவர்களிடம் கேட்காமல் அதை எடுத்தது சரியில்லை என்று எழுதினாள். எழுதி முடித்துப் படித்தபோது ஒரு சொல்கூடப் பொய்யாகத் தோன்றவில்லை. முதல் கடிதத்திலும் பொய் இருந்ததில்லை.

கணவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். கையில் எப்போதும் கடிகாரம் கட்டாதவர். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "ஜன்னல நகர்த்தச் சொல்லி அப்ப எழுதினதும் நீதானே?" என்றார்.

"எழுதினது நான்தான். தபால்ல போட்டது நீங்க."

"அப்ப நானும் கூட்டுக் களவாணி," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

திங்கட்கிழமை அவள் மாடிக்குப் போனாள். இரண்டு நோயாளிகளுக்கு இடைப்பட்ட நேரம். கொழுந்தன் கருவிகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தின் நகலையும் காட்டினாள். அவன் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தான்.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே அண்ணி."

"சொல்ல என்ன இருக்கு தம்பி? ஒரு புகார் எழுதினேன். மறந்துட்டேன்."

"நான் உங்க கையில பார்த்துத்தானே இத வாங்கினேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்." நகலை மடித்து அவளிடம் நீட்டினான். "உங்களுக்கே பிடிக்காதத நான் எதுக்குத் தலைல தூக்கி வெச்சு ஆடினேன்னு இருக்கு."

பிடிக்காமல் இல்லை என்று அவள் சொல்ல நினைத்தாள். அதற்குள் அடுத்த நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

கடிகாரக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அவள் அன்றே எழுதிப் போட்டாள். எதிர்ப்புக் கடிதத்தை அனுப்பலாம், ஆனால் தன் கையெழுத்து அதில் இருப்பது நியாயமில்லை, காரணம் இது என்று. சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். கேப்டன், கப்பலில் ஓட்டை போட்டவரே தண்ணீர் இறைக்கச் சொல்கிறாரா என்று கேட்டார். கடிதம் அவள் பெயர் இல்லாமல் போனது.

கொழுந்தன் மதியம் சாப்பிடக் கீழே வருவதை நிறுத்தினான். கடை திறந்த நாளிலிருந்து இருவரும் பின்னறையில் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அவன் டப்பாவில் இருப்பதில் பாதி அவளுக்கு, அவளுடையதில் பாதி அவனுக்கு. இப்போது படியில் எதிர்ப்பட்டால் "வணக்கம்" என்றான். வேறு யாரும் அப்படிச் சொன்னால் மரியாதை. அவன் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கணவர் தம்பியைக் கூப்பிட்டு, ஒரு ஜன்னலுக்காகவா இப்படி என்று கேட்டுப் பார்த்தார். ஜன்னல் இல்லை, வேற என்று மட்டும் அவன் சொன்னானாம். அது என்ன வேறு என்று கணவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரம் கம்பெனியின் ஆள் வந்தார். புதிய கடிகாரத்தை அறிமுகப்படுத்த, பழைய வாடிக்கையாளர்களை விற்பனைக் கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புகளும் மென்மையான தரைவிரிப்பும் கொண்ட அறை. எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். கொழுந்தன் வந்திருந்தான். அவளிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். கம்பெனி ஆள் பேசி முடித்ததும் எழுந்து, ஜன்னலை ஏன் நகர்த்தினீர்கள், யாராவது வாடிக்கையாளர் எழுதிக் கேட்டதாலா என்று நேரடியாகக் கேட்டான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

கம்பெனி ஆளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கடிதங்கள் வாடிக்கையாளர் பிரிவோடு நின்றுவிடும், வடிவமைப்புப் பிரிவுக்குப் போவதில்லை என்றார். பழைய கடிகாரத்தின் தேதித் தட்டை வெளியில் ஒரு சின்னப் பட்டறை செய்து கொடுத்தது, அவர்கள் தொழிலை நிறுத்திவிட்டார்கள், வேறு பட்டறையின் தட்டை வைத்தால் ஜன்னல் மூன்று மணியில்தான் வரும், அவ்வளவுதான் என்றார்.

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாற்காலியையும் கடந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா போச்சு அண்ணி."

"நான் காக்காவா?"

"பின்ன? நானா?"

பக்கத்தில் இருந்த கேப்டனும் சிரித்தார். வக்கீல் அவள் கையை அழுத்தினாள். அவர்களுக்கெல்லாம் பாரம் இறங்கியது. அவளுக்கு அப்படி இல்லை. மூன்று வாரமாகக் குற்றவுணர்வோடு நடந்தாள். அதன் அடியில், கணவரிடம்கூடச் சொல்லாத ஒரு சின்னப் பெருமை இருந்தது. எங்கோ யாரோ அவள் வரைந்த படத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. அந்தக் குற்றமாவது தன்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது.

கம்பெனி ஆள் புதியதை அவள் கையில் கட்டிக் காண்பித்தார். கையை எப்படி வைத்தாலும் தேதி தெரிந்தது. பதினேழு. கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"நான் கேட்டது இதுதான்," என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் கொழுந்தன் டப்பாவோடு கீழே வந்தான். பாதியை அவள் தட்டில் வைத்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவள், "எனக்கு அது பிடிக்காம இல்ல தம்பி. பிடிக்க ஒரு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்," என்றாள். தெரியும் என்று அவன் தலையசைத்தான். ஒருவேளை அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ.

நாலு மாதம் கழித்து அவன் சோதனை நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். வேலை செய்யும்போது நோயாளியின் பல் ஓரம் கொஞ்ச நாளாகக் கலங்கலாகத் தெரிகிறது என்றான். அவள் சோதித்தாள். வயது நாற்பத்தாறு; படிக்கிற கண்ணாடி போட வேண்டிய காலம் வந்திருந்தது. சட்டைக் கையை மேலே இழுத்தபோது அவன் மணிக்கட்டில் புதிய கடிகாரம் இருந்தது. மூன்று மணியில் நேரான ஜன்னல்.

"சொல்லுங்க அண்ணி. சொல்ல வேண்டியத சொல்லிடுங்க."

"கண்ணாடி வியாழக்கிழமை ரெடியாயிடும்," என்றாள் அவள். "கருப்பு ஃபிரேமா, பழுப்பா?"

அவன் பழுப்பு என்றான். பழையதை விற்க மனம் வரவில்லை, பெட்டியில் கிடக்கிறது என்றும் சொன்னான். அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தான். எனக்கு எதற்கடா இதெல்லாம் என்று அவர் இரண்டு முறை மறுத்துவிட்டு, திங்கட்கிழமை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மாலை வந்ததும், அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று சற்றுக் குறையாகச் சொன்னார். மறுநாள் சட்டைக் கையை ஒரு மடிப்பு கூடுதலாக மடித்துக்கொண்டு கிளம்பினார்.