தாழிட்டால் தெரியும் படம்

மூச்சு வாங்குகிறது இவளுக்கு. மூன்று மாடி ஏறியதற்கே இப்படி. ஏணி உச்சியில் நின்றுகொண்டு, வாயில் ஒரு தூரிகையைக் கவ்வியபடியே எனக்கு உத்தரவு போட்டவளா இவள்? சாயம் போட மறந்த வகிட்டில் ஒரு வெள்ளைக்கோடு. என்னையும் இவள் இப்படித்தான் அளந்துகொண்டு வருவாள்.

நினைத்ததை வெளியே சொல்லாமல் குள்ளி நெட்டையின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நெட்டை, குள்ளி என்பவை ஓவியக் கல்லூரியின் முதல் நாள் வரிசையில் அடுத்தடுத்து நின்றபோது ஒட்டிக்கொண்ட பெயர்கள். நெட்டை டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். குள்ளி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாள். பிளக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்ற பிறகு வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறாள். இருவரும் சேர்ந்து வரைந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பின்னால் அதிகாரிப் பெண் ஏறி வந்தாள். சமூகத்தை மாற்றப் பாடுபடும் பெண்ணியக் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கும் அமைப்பு அவளுடையது. நெட்டை முன்பு கேட்டபோதெல்லாம் கைவிரித்தவர்கள், இந்தத் தையல் தொழிற்சாலையின் கழிப்பறைக் கதவுகளைப் பற்றி எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிதி கிடைத்தால் மூன்று வருடம் இரண்டு பேரும் வேறு வேலை பார்க்க வேண்டாம், வரைந்தால் போதும். நெட்டை அந்தச் செய்தியைச் சொன்னபோது குள்ளி ஒரு லாரிக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டைப் பாதிச் சுழியில் விட்டுவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தாள். அமைப்பு கேட்டது ஒன்றுதான்: கதவுகளைக் கழற்றித் தங்கள் கூடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் சம்மதம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கதவுகள் நடையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் தச்சர் குந்தியிருந்தார்.

தையல் கூடத்துக்குள் நுழைந்ததுமே அந்த வாசனை. புதுத்துணியின் கஞ்சி, மிஷின் எண்ணெய், இஸ்திரி ஆவி. எல்லாம் மாறிப்போயிருந்தது, வாசனை மட்டும், நேற்று வீட்டுக்குப் போய்விட்டு இன்று திரும்பி வந்தவளைப் போல குள்ளியை விசாரித்தது.

அந்தக் காலத்தில் இங்கே கழிப்பறைக்குப் போவதற்கும் நேரக்கணக்கு உண்டு. சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நிற்பார். கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவார். கல்லூரி முடித்த சூட்டில், உலகத்தைப் புரட்டிப்போட்டுவிட்டுத்தான் கல்யாணம் என்ற உத்தேசத்தில், நெட்டையும் குள்ளியும் அதை எதிர்த்துச் சுவரொட்டி வரைந்து ஒட்டினார்கள். மத்தியானத்துக்குள் கிழிபடும். மறுபடி ஒட்டுவார்கள். காலர் தைக்கும் பெரியக்காதான் ஒருநாள் அவர்களைக் கூப்பிட்டு, அந்த ஆள் நுழைய முடியாத இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே வரையக் கூடாதா என்று கேட்டாள்.

கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் சாவி இருந்தது. விடுமுறை நாட்களில் உள்ளே போய், கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து வரைந்தார்கள். திறந்திருக்கும்போது கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால்தான் படம். மேல்பாதி நெட்டைக்கு, கீழ்பாதி குள்ளிக்கு. உட்கார்ந்திருப்பவள் கண்ணுக்கு நேராக வருவது கீழ்பாதிதான் என்பதால், தன் ஓவியத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்க யாருக்கும் மனசில்லை என்று நெட்டை புலம்பித் தீர்ப்பாள். என்ன வேண்டுமென்று பெண்களிடமே கேட்டார்கள். ஒருத்தி கடல் கேட்டாள். கரை வேண்டாம், வெறும் கடல். ஒருத்தி யாரும் படுக்காத கட்டில் கேட்டாள். இன்னொருத்தி, வெள்ளையாக விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரம் எதையும் பார்க்காமல் இருக்கிறேன் என்றாள். கடைசிக் கதவில் எல்லோரும் சேர்ந்து கேட்டது சூப்பர்வைசரை. மீசையும் கடிகாரமும் கழுதை வாலுமாகக் குள்ளி அவரை வரைந்து வைத்தாள்.

வேலை முடிந்ததும் பெரியக்கா ஒவ்வொரு கதவாகத் தாழிட்டு, உள்ளே நிதானமாக இருந்துவிட்டு வந்தாள்.

"பாக்கணும்னு யாரும் இங்க வரக் கூடாதும்மா. போகணும்னு வந்தவ பாத்தாப் போதும்."

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சூப்பர்வைசருக்கு விளங்கவேயில்லை. ஒரு காலையில் தையல்காரிகள் அத்தனை பேரும் எழுந்துபோய்க் கழிப்பறை முன்னால் நின்றார்கள். இப்போது தட்டு, பார்க்கலாம் என்று நின்றார்கள். மிஷின்கள் ஓய்ந்த அந்த அமைதியை நெட்டையும் குள்ளியும் தெருவில் கைகோத்து நின்று கேட்டார்கள். நேரக்கணக்கு அன்றோடு ஒழிந்தது.

இப்போதைய சூப்பர்வைசர் தன்மையான மனிதராகத்தான் தெரிந்தார். வழுக்கை, தடித்த கண்ணாடி, காதில் செருகிய பேனா. அதிகாரிப் பெண்ணுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நான் வந்த நாள்லேருந்து பாக்கறேன், உள்ள போறவங்கல்லாம் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. என்னதான் இருக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்."

டீ மணி அடித்தால் தையல் பெண்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தச்சர் எந்தக் கதவிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். முதலில் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் உள்ளே போனார்கள்.

கடலில் படகுகள் மிதந்தன. யாரோ நகச்சாயத்தால் வரைந்த சிவப்புப் படகுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. காலிக் கட்டிலில் ஒரு பூனை படுத்திருந்தது. வெள்ளைக் கதவு வெள்ளையாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் அதில் ஒருத்திகூட ஒரு கோடு கிழிக்கவில்லை. குள்ளி அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

கடைசி அறைக்குள் இருவரும் நெருக்கியடித்து நுழைந்து தாழிட்டார்கள். கழுதை வால் அப்படியே இருந்தது. மீசையைக் காணோம். வெள்ளை மை பூசி அழித்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு தாடி, அதையும் அழித்து ஒரு தொப்பி, அதற்கும் மேலே பளபளவென்று வழுக்கை, தடித்த கண்ணாடி, காதில் ஒரு பேனா. ஆள் மாற மாற முகத்தை மாற்றியிருக்கிறார்கள். வாலை மட்டும் யாரும் தொடவில்லை.

நெட்டை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பழைய நெட்டை, ஏணி நெட்டை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பையிலிருந்து, சாயத்தைக் கரைக்கும் தின்னர் பாட்டிலையும் துணியையும் எடுத்துக் குள்ளியின் கையில் வைத்தாள்.

"அந்தாளு பாத்தா பொண்ணுங்க வேலை போயிரும்டி. தொடச்சுரு. அடியில நீ போட்டது இருக்கும்ல, அவங்களுக்கு வேண்டியதும் அதுதான்."

"படகையுமா?"

"எல்லாத்தையும்தான்." நெட்டை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காலம் பூரா பசங்களுக்கு ஆப்பிள் போடச் சொல்லிக்குடுத்தேன் குள்ளி. நான் போனா அந்த ஆப்பிள்தான் மிச்சம். நீ தொடச்சிட்டிரு, நான் வெளிய பேச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

நெட்டை வெளியே போனதும் குள்ளி தாழிட்டாள். துணியை நனைத்தாள். தின்னரின் நெடி மூக்கில் ஏறியது. இருபத்துச் சொச்சம் வயதின் நெடி. அவளுக்கும் ஆசைதான். மூன்று வருடம், நம்பர் இல்லாத மூன்று வருடம். இந்த வழுக்கையைத் துடைத்தால் அடியிலிருந்து தன் இளமைக்காலத்துக் கோடு, நடுக்கமில்லாத கோடு, மேலே வரும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று விரல் துறுதுறுத்தது.

கால்களை மடக்கி அவள் உட்கார்ந்தாள். அவர் முகம் நேராக வந்தது. பேனா கொஞ்சம் சாய்ந்திருந்தது. இப்படி உட்கார்ந்தபடியேதான் எவளோ வரைந்திருக்கிறாள். அவசரத்தில், பயத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டு. தன் மீசை இத்தனை பேர் கைகளுக்கு அடியில் சௌக்கியமாகத்தான் இருக்கிறது என்று குள்ளிக்குத் தோன்றியது. எடுத்துக் காட்டினால் அது ஒரு மீசை. அவ்வளவுதான்.

பாட்டிலை மூடித் திருகினாள்.

வெளியே விரல்முட்டியால் மெதுவாகத் தட்டும் சத்தம். "முடிஞ்சுதாடி? தச்சரோட சூப்பர்வைசரும் வாசலுக்கு வந்துட்டாரு."

"ஆள் இருக்கு," என்றாள் குள்ளி.

"ஏய், குள்ளி."

"ஆள் இருக்குன்னேன்ல."

டீ மணி அடித்தது. கதவின் அடி இடைவெளியில் நெட்டையின் கறுப்புச் செருப்புகள் அசையாமல் நின்றன. சற்று நேரத்தில் அவற்றுக்குப் பின்னால் நூல்பிசிறு ஒட்டிய ஒரு ஜோடி கால்கள் வந்து நின்றன. அப்புறம் இன்னொரு ஜோடி. வரிசையில நிக்கிறீங்களாக்கா என்று ஒரு பெண் கேட்டாள். நெட்டை என்ன பதில் சொன்னாள் என்று உள்ளே கேட்கவில்லை. செருப்புகள் மட்டும் அரை அடி முன்னால் நகர்ந்து, பின்னால் வந்தவர்களுக்கு இடம் விட்டன.