ஆணி அடிக்கக்கூடாத சுவரில் ஒரு ரோடு

1

இது நானாக யோசித்த கதை இல்லை. என் நாத்தனார் கொண்டுவந்து கொடுத்தது. என் கணவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணி, நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே, என் வீட்டுச் சுவரைப் பத்தி ஒண்ணு எழுதுங்க" என்றாள்.

"சுவரைப் பத்தியா?"

"ஆமா. அதுல நான் பெருமையா இருக்கணும். பாவமா இருக்கக் கூடாது. உங்க கதையில வர்ற பொம்பளைங்க எல்லாம் எதுன்னாலும் ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கறாங்க. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அதனால் எழுத எழுத வாசித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. அவள் கோடு போட்டு அடிக்கச் சொன்னதை அடித்திருக்கிறேன். அடித்தவற்றில் சிலதைத் துடைத்துப் போட மனம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

வார்டிலும் தெருவிலும் அவளை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவள் கணவர் லாரி ஓட்டியவர். எந்த ஊருக்கு எந்த வழி, எங்கே பாலம் குறுகல், எங்கே இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்ற டிரைவர்கள் நடு வழியில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். அவர்கள் வைத்த பெயர் ரூட்டு.

2

முதல் தொடக்கம்:

வெள்ளைவெளேரென்று நின்ற சுவரைப் பார்த்தபோது, தன் வாழ்க்கையும் இப்படித்தான் ஆகிவிட்டதோ என்று நினைத்தபடி அவள் மெல்ல ஜன்னல்

(இதற்கு மேல் வாசிக்க விடவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

வாடகை வீடு என்பது என்ன? இன்னொருவரின் சுவர்களுக்குள் நம்முடைய மூச்சை

("கட்டுரைப் போட்டியா அண்ணி?")

மூன்றாவதை ஒப்புக்கொண்டாள்:

சாவி வாங்கிய அன்று ஹவுஸ் ஓனர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே ஆணி.

"ஆணி, ஸ்க்ரூ, டேப்பு, எதுவும் வேண்டாம் சிஸ்டர். போன தடவை இருந்தவங்க காலி பண்ணினப்போ சுவரு சல்லடை மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு ஓட்டையா பட்டி வச்சு, தேய்ச்சு, நானே ஏணி ஏறிப் பெயிண்ட் அடிச்சேன். தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

[முதலில் இந்த ஓனரை நான் கொஞ்சம் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். கனத்த மீசை, அதட்டும் குரல். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. சிஸ்டர் மீசையையும் எடுத்துவிட்டாள், அதட்டலையும் எடுத்துவிட்டாள். "அவர் நல்ல மனுஷன். வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டு மாடியில தனியா இருக்கார். அந்தச் சுவர் மேல அவருக்கு ஆசை, அவ்வளவுதான். ஆசைப்படறது தப்பா?"]

3

அவ்வளவு கண்டிஷன் போட்ட வீட்டை ஏன் பிடித்தார்கள் என்று சொல்லவேண்டும். தரைத்தளம். வாசலில் படி இல்லை. சக்கர நாற்காலி இடிக்காமல் போகிற அளவுக்கு அகலமான கதவுகள்.

ரூட்டுக்குப் பக்கவாதம் வந்தது ஓட்டிக்கொண்டிருக்கும்போது. அந்த இடத்தை நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். சிஸ்டர் ஒரே வரிதான் போதும் என்றாள்: லோடு ஏற்றிய லாரியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் மனிதர் சாய்ந்தார்.

உயிர் பிழைத்தார். பேச்சு தெளிவாக வந்தது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை மறந்துவிட்டது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடேன்" என்பார். இடது பாதி தொடாமல் அப்படியே இருக்கும். சிஸ்டர் தட்டைத் திருப்பி வைப்பாள். முகத்தில் பாதிக்குச் சவரம் செய்துவிட்டு ரேசரைக் கீழே வைத்துவிடுவார். வலது காலால் தரையை உந்தி நாற்காலியை நகர்த்தக் கற்றுக்கொண்டார். இடது பக்கம் இருக்கிற கதவு நிலையில் போய் இடித்துக்கொண்டு, அங்கே எப்படி நிலை வந்தது என்று முழிப்பார்.

உடற்பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண் சொன்னாள்: "இடது கையில பலம் கொஞ்சம் கொஞ்சமா வருது சிஸ்டர். ஆனா அது தன்னோட கைங்கறது அவருக்கு ஞாபகம் வரணும். இடது பக்கம் அவரா திரும்பிப் பார்க்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க. நாம திரும்புன்னு சொல்லித் திரும்பறது வேற, அவரே தேடித் திரும்பறது வேற."

கட்டிலுக்கு இடது பக்கம் இருந்தது அந்த நீளமான, குழந்தைக் கன்னச் சுவர். ரூட்டு படுத்த இடத்திலிருந்து சொன்னார்: "வார்டு மாதிரி இருக்கும்மா இந்த வீடு."

வார்டிலேயே வாழ்க்கையைக் கழிக்கிறவளிடம் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

4

சிஸ்டர் மாடிக்குப் போனாள்.

"சார், நான் ஆணி அடிக்க மாட்டேன். ஆனா சுவர்ல ஒட்டணும். எடுக்கறப்போ ஒட்டின இடம் எதுன்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நான் எல்லாரும் இல்ல சார்."

(இந்த வரியை வாசித்தபோது அவளே ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.)

கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு துண்டு டேப் ஒட்டினாள். அடுத்த வாரம் ஓனரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னாலேயே எடுத்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். விரலால் தடவினார். கடைசியில், "இந்த இடமா, அந்த இடமா?" என்று அவளிடமே கேட்டார்.

"சரி. பார்த்துச் செய்ங்க."

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வயதானவர்களின் தோலிலிருந்து பிளாஸ்டர் எடுத்துப் பழகிய கை அது. தோல் எப்படியோ சுவரும் அப்படித்தான் என்கிறாள் சிஸ்டர். ஒட்டுமுன் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ஈரம் காய வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அது பிடித்துக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். எடுக்கும்போது நம் பக்கமாக இழுக்கவே கூடாது. சுவரை ஒட்டினாற்போல், மெதுவாக, அது தானாக விடுகிற வேகத்தில்தான் உரிக்க வேண்டும். அடம்பிடித்தால் தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டினால் இளகிக்கொடுக்கும். கனமான படச் சட்டம் எதையும் சுவரை நம்பி விடக் கூடாது. அலமாரி மேல் சாய்த்து வைத்தால் போதும். துணி தொங்கவிட, இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிற்கிற ஸ்பிரிங் கம்பி இருக்கிறது. அதற்குப் பசையே தேவையில்லை.

[எனக்கு இதைக் கேட்கும்போது உவமைகளாகக் கொட்டின. பிரிவு, உறவு, பசை என்று ஒரு பத்தியே எழுதினேன். நல்ல பத்திதான். எடுத்துவிட்டேன். அவள் சுவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.]

அவள் ஒட்டியது பூவும் இல்லை, பட்டாம்பூச்சியும் இல்லை. ஒரு ரோடு.

சாம்பல் நிறத் தாளைப் பட்டையாக வெட்டி, நடுவில் வெள்ளைக் கோடு விட்டு விட்டுப் போட்டு, பெயிண்டர்கள் ஓரத்துக்கு ஒட்டுகிற காகித டேப்பால் ஒட்டினாள். கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில், ரூட்டின் கண் தானாகப் போகிற வலது ஓரத்தில் தொடக்கம். அங்கிருந்து இடது பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக. லாரிக்கார நண்பர்களிடம் சொல்லி வைத்தாள். போகிற வழியெல்லாம் படம் எடுத்து அனுப்பினார்கள். பஞ்சர் கடை, புளியமரம், பாலம், கொண்டை ஊசி வளைவு. அதையெல்லாம் அச்செடுத்து ரோட்டோரம் ஒட்டினாள்.

முதல் நாட்களில் ரூட்டின் பார்வை ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும், உலகமே அங்கே முடிந்த மாதிரி.

"பாலம் தாண்டினா ஒரு வளைவு வருமே. அதை ஏன் விட்டுட்டே?"

"விடலையே. இருக்கு."

"எங்க இருக்கு?"

"ரோட்டைப் பிடிச்சுக்கிட்டே வாங்க."

சிஸ்டர் சுட்டிக்காட்டவில்லை. அவர் தலையைத் திருப்பி உதவவும் இல்லை. துணி மடித்துக்கொண்டே இருந்தாள். பல நாள் இப்படிப் போயிற்று. ஒரு காலையில் அவர் கண் ரோட்டின் மேலேயே ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து, கழுத்தும் கூடவே திரும்பி, வளைவில் போய் நின்றது.

"என்ன இவ்வளவு குறுகலா போட்டிருக்கே? எதிர்ல வண்டி வந்தா எப்படி ஒதுங்கறது?"

(இங்கே அவள் அடுப்படிக்குப் போய் ரகசியமாக அழுதாள் என்று எழுதினேன். "அடுப்படிக்குப் போனது நிஜம். பால் பொங்கிட்டு இருந்துச்சு. அணைச்சுட்டு வந்து ரோட்டை அகலப்படுத்தினேன்.")

அதன்பிறகு ரோடு கட்டில் பக்கத்துச் சுவருக்குத் திரும்பியது. வார்டிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க வந்தார்கள். சிஸ்டர் அவர்களை ரோட்டின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நடத்திக்கொண்டு போவாள். கடைசியில் ஏதாவது ஒரு படத்தை நோகாமல் உரித்து, கீழே இருக்கும் சுவரைக் காட்டுவாள். ஒரு பொட்டு இருக்காது. அவளுக்கு அதில் அவ்வளவு கர்வம்.

5

ஒரு நாள் மத்தியானம் டியூட்டி முடிந்து வந்தாள். சுவரின் இடது கோடியில், ரோடு இன்னும் போய்ச் சேராத இடத்தில், ஒரு படம் கோணலாக ஒட்டியிருந்தது. ரூட்டு ஓட்டிய லாரியின் படம். அடுத்து ஒட்டுவதற்காக அவள் மேஜை மேல் எடுத்து வைத்திருந்தது. ஒட்டியிருந்தது அட்டைப் பெட்டி கட்டுகிற தடித்த பழுப்பு டேப். பக்கத்திலேயே, உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து, உள்ளே பட்டி தெரிந்தது.

ரூட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு ஒட்டினது இது?"

"நான்தான். முதல்ல கொஞ்சம் கீழ போயிடுச்சு. எடுத்துட்டு மறுபடி ஒட்டினேன். பெயிண்ட் கூடவே வந்துடுச்சும்மா, கோவிச்சுக்காதே."

"டேப்பை எப்படிக் கிழிச்சீங்க?"

"எப்படின்னா? ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, ஒரு கையில கிழிச்சேன்."

"எந்தக் கையில பிடிச்சீங்க?"

ரூட்டு குனிந்து தன் மடியைப் பார்த்தார். இடது கை அங்கே கிடந்தது. விரலில் டேப்பின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது ஏறினான் என்றே தெரியாத பயணியைப் பார்ப்பது போல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுலதான். சுமாரா பிடிக்குது."

சிஸ்டர் அந்தப் பெயர்ந்த இடத்துக்கு முன்னால் நின்றாள். இத்தனை நாளும் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய சுவர். அதில் முதல் சேதம். ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக, அவசரமாக, இரண்டு கையாலும் இழுத்த சேதம். தன் வேலையில் அதுவரை பட்ட பெருமையெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது என்று அப்போது தோன்றியதாம்.

நான் சொன்னேன்: "அது மேல இன்னொரு படத்தை ஒட்டியிருந்தா தெரிஞ்சே இருக்காதே."

"மறைக்கறதா? அவர் இடது கையால செஞ்ச முதல் வேலை அண்ணி அது. நீங்களா இருந்தா மறைப்பீங்களா?"

சீருடையைக்கூட மாற்றாமல் மாடிப்படி ஏறினாள். ஓனர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், கீழ வாங்க. உங்க சுவர்ல பெயிண்ட் உரிஞ்சுடுச்சு."

"உரிஞ்சுடுச்சா?"

"உள்ளங்கை அளவுக்கு. வந்து பாருங்க."

பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்துவிட்டான் என்று சொல்கிற குரலில் அவள் சொன்னாள். ஓனருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தார்.

6

இங்கே வந்து நான் மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: ஓனர் கோபித்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். (நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்புறம் கதை மறுபடியும் பாவப்பட்டதாகிவிடும். எனக்கு அடி விழும்.)

முடிவு இரண்டு: ஓனர் ரூட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார். ("அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல." அடித்தாயிற்று.)

முடிவு மூன்று: ஓனர் மாடிக்குப் போய் மிச்சமிருந்த பட்டியும் பெயிண்டும் கொண்டு வருகிறார், சிஸ்டர் வேண்டாம் என்று தடுக்க, அவர்

(இதில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. தடுத்தாளா, விட்டாளா?)

"நிஜமா என்னதான் சொன்னார்?" என்று கேட்டேன்.

"அவர் என்ன சொன்னா என்ன அண்ணி? கதை அவரைப் பத்தியா?" என்றாள் சிஸ்டர். எத்தனை கெஞ்சியும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஆகவே ஓனர் வாயில் என்ன பேச்சை வைப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். திட்டவும் வைக்கலாம், சிரிக்கவும் வைக்கலாம். சிஸ்டரை மட்டும் மன்னிப்புக் கேட்க வைத்துவிடாதீர்கள். அவள் கேட்க மாட்டாள்.

நடந்தது என்று அவள் எனக்குச் சொன்ன கடைசி விஷயம் இதுதான், இதை மாற்ற உங்களுக்கும் உரிமை இல்லை: ஓனர் அந்த இடது கோடியில், சுவருக்கு மூக்கு படுகிற மாதிரி குனிந்து, விரலால் அந்தப் பிசிறைத் தடவிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அப்போது நாற்காலியிலிருந்து ரூட்டு சொன்னார்:

"சார், இடது பக்கம் நிக்கறீங்களே, கொஞ்சம் ஒதுங்குங்க. என் வண்டி தெரியலை."